மூச்சு விட்ட பிணம்

மட்டாஞ்சேரி ஜெட்டிக்குப் போகிற வழியில் இருக்கும் அனிலின் சாயாக்கடையில், சனிக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு நீலகண்டன் சினிமா அபிப்பிராயம் சொல்லுவார். கேட்க ஏழெட்டுப் பேர் கூடியிருப்பார்கள். ஆனால் கண்டவன் கேட்டால் அவர் வாய் திறக்கமாட்டார். செல்லப்பா கேட்கவேண்டும். செல்லப்பா சாயாவை ஒரு வாய் உறிஞ்சி, கிளாஸைப் பெஞ்சில் வைத்து, தோள் துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டு, "படம் எப்படி, சாமி?" என்பார். சீவாளி வைத்த நாதஸ்வரம் போல அதற்குப் பிறகுதான் நீலகண்டனிடமிருந்து சத்தம் வரும்.

"அதை ஏன் கேக்கறே போ. படம் பூராவும் மழை. இடைவேளைல வெளில வந்து வேஷ்டியைப் பிழிஞ்சேன். முன் வரிசைல ஒருத்தன் தும்ம ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தலையாம்."

அதற்கு முந்தின வாரம் ஒரு கொலைப்படம். "ரெண்டரை மணி நேரம் ஒரே இருட்டாக்கும். கொன்னது யாருன்னு தெரியலை. செத்தது யாருன்னும் தெரியலை. பக்கத்து ஸீட்காரன் டார்ச் கொண்டுவந்திருந்தான். திரைல அடிச்சுக் காட்டினான். அப்பத்தான் ஹீரோவுக்கு மீசை உண்டுன்னே தெரிஞ்சுது."

அதற்கும் முந்தினது சண்டைப்படம். கதாநாயகன் ஒரே மூச்சில் நாற்பது பேரை அடிக்கிறான் என்று எல்லாரும் சொன்னார்கள். நீலகண்டன் எண்ணிப் பார்த்தார். முப்பத்தெட்டுதான் தேறியது. மேனேஜரிடம் போய்க் கேட்டதற்கு, "ரெண்டு பேர் இன்னிக்கு லீவு சாமி" என்று பதில் வந்ததாம்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. ஏலூர் உரத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக முப்பத்துநான்கு வருஷம் இருந்தவர். எவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவதே வேலை. அமோனியா நெடியில் பழகிய மூக்கு என்பதால் எவ்வளவு மோசமான படமும் அவரை ஒன்றும் செய்ததில்லை.

கடையில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அது அவர் மனைவி காமாக்ஷிக்கு மட்டும் தெரியும். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தால் பத்தாவது நிமிஷம் நீலகண்டனுக்குக் கண் சொருகிவிடும். இடைவேளை வரைக்கும் படம் டைரக்டருடையது. அதற்குப் பிறகு நீலகண்டனுடையது. வேஷ்டி பிழிந்ததும், டார்ச் அடித்ததும், இருவர் லீவு போட்டதும் அந்தப் பின்பாதியில் விளைந்த சரக்கு.

"ஏன்னா, தூங்கிட்டேன்னு சொன்னா தலையா போயிடும்?" என்று காமாக்ஷி கேட்பாள்.

"தூங்கறதுக்கு டிக்கெட் எதுக்குன்னு கேப்பான்கள்" என்பார் இவர்.

செல்லப்பா கதை வேறு. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்து, பஜார் ரோட்டு சைவ ஹோட்டல் ஒன்றில் நாற்பத்தேழு வருஷம் பரிமாறியவர். ஒரு கையில் ஏழு காப்பி டம்ளர் அடுக்கிக்கொண்டு, மாடிப்படி ஏறி, ஒரு சொட்டுச் சிந்தாமல் வைப்பார். நின்று யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை. போன வருஷம் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டில் சினிமாக்காரர்கள் படம் எடுத்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு பரிமாற ஆள் வேண்டுமென்று செல்லப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தி முடிந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தூணோரம் சாய்ந்து கண்ணை மூடினார். டைரக்டர் பார்த்துவிட்டார். "இந்த முகம் செத்தா நல்லாயிருக்கும்" என்றாராம்.

இப்படித்தான் செல்லப்பா நடிகரானார். தறவாட்டுக் காரணவர், அதாவது பழைய பெரிய குடும்பத்தின் மூத்த தலைவர் வேஷம். வசனம் கிடையாது. செத்துப்போய், நடுக்கூடத்தில் வாழையிலை மேல் கிடக்கவேண்டும். தலைமாட்டில் தேங்காய் மூடியில் திரி எரியும். சுற்றி நின்று நாலு பிள்ளைகளும் பாகம் பிரிப்பதற்குச் சண்டை போடுவார்கள். காமிரா வெட்டே இல்லாமல் பிணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஐம்பது விநாடி. அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது.

அனிலின் கடைக்குப் பின்னால் ஒரு மரப் பெஞ்சு உண்டு. அங்கேதான் பயிற்சி. செல்லப்பா மல்லாந்து படுத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரை வயிற்றின்மேல் வைத்துக்கொள்வார். தண்ணீர் சலனப்பட்டால் தோற்றதாக அர்த்தம். அது அவரே கண்டுபிடித்த முறை. டம்ளர் விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் சொல்ல முடியாது. வாட்ச் பிடித்தவர் நீலகண்டன். முதல் நாள் பதினெட்டு விநாடி. நாலாம் நாள் முப்பது. பதினாலாம் நாள் ஐம்பத்தொன்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. நீலகண்டன் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கீழே பழைய பழக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

படம் வெளியாவதற்கு முதல் நாள் வியாழக்கிழமை, செல்லப்பா அவரைத் தனியே ஜெட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"சாமி, நாளைக்கு எர்ணாகுளத்துல மத்தியான ஷோ. நீங்க போய்ப் பார்க்கணும்."

"நீயும் வாயேன் எடோ."

"எனக்கு நாணமா இருக்கு. என்னை நானே செத்துக் கிடக்கிறதைப் பார்க்கணும்னா ஒரு தைரியம் வேணாமா? நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க. ஆனா ஒண்ணு." செல்லப்பா குரலைத் தாழ்த்தினார். "வழக்கமா சொல்ற மாதிரி வேண்டாம். எப்படி இருந்துச்சோ அப்படி. நேர் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் நீலகண்டன்.

வெள்ளிக்கிழமை காமாக்ஷி சேனை எரிசேரியும் மோர்க்குழம்பும் வைத்திருந்தாள். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எரிசேரிக்கு மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டது அவர்தான். வாட்டர் மெட்ரோ படகில் கடல்காற்று வேறு. தியேட்டரில் ஏசி வேறு. இடைவேளை வரைக்கும் காரணவர் உயிரோடிருந்தார். அதாவது, அடுத்த அறையில் படுத்திருப்பதாக மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். இடைவேளையில் வெளியே வந்து முகம் கழுவினார். ஒரு காப்பி குடித்தார். "இன்னிக்குத் தூங்கப்படாது" என்று கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் ஒதுங்கிப் போனார்.

கண் விழித்தபோது திரையில் பெயர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. பெருக்குகிறவள் அவர் காலைத் துடைப்பத்தால் தட்டி, "அம்மாவா, கழிஞ்ஞு" என்று மாமா முறை வைத்து எழுப்பினாள். படம் முடிந்திருந்தது. செல்லப்பா செத்து, எரிந்து, பதினாறும் முடிந்து, பாகமும் பிரித்தாகிவிட்டது. எதையும் நீலகண்டன் பார்க்கவில்லை.

அடுத்த ஷோவுக்கு இருந்து பார்த்திருக்கலாம். இந்த யோசனை அவருக்குப் பின்னால் வந்தது. நல்ல யோசனைகள் எல்லாம் அவருக்குப் பின்பாதியில்தான் வரும், அப்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

வாசலில் மைக் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை மறித்து அபிப்பிராயம் கேட்டு, அப்போதே போனில் ஏற்றிவிடுகிற பிள்ளைகள். அதில் விஷ்ணுப்ரியா என்ற பெண் அவர் முன்னால் மைக்கை நீட்டினாள். "அங்கிள், படம் எங்ஙனெயுண்டு? ஏது ஸீனாணு இஷ்டப்பெட்டது?"

எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்கிறாள். பார்க்கவென்று வந்த ஒரே காட்சியைப் பார்க்கவில்லை. 'தூங்கிட்டேன்' என்பது ஒரே வார்த்தை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, பழைய பாதையைக் கண்டு திரும்பிவிட்டது. அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எனக்குப் பிடித்தது பிணம்தான், மோளே. ஆனால் பிணம் மூச்சு விடுகிறது. வயிறு மேலே போகிறது, கீழே வருகிறது. பிள்ளைகள் சொத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள், ஒருத்தனாவது அப்பாவைத் திரும்பிப் பார்க்கவேண்டாமா? நான் எழுந்து கத்தலாமென்று பார்த்தேன், வக்கீலை அனுப்பிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று. பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் திரையை நோக்கிப் பாதி வழி ஓடிவிட்டாள்."

விஷ்ணுப்ரியா சிரித்து மைக்கைக் கீழே போட்டாள். நீலகண்டன் முகம் அசையவில்லை. அதனால் இன்னும் சிரிப்பு. படகில் திரும்பும்போது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். செல்லப்பாவைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள் என்றுகூட நினைத்தார்.

நாலு பேர் அல்ல. இரவுக்குள் மூன்று லட்சம் பேர்.

சனிக்கிழமை காலை அவர் கடைக்கு வந்தபோது செல்லப்பா இல்லை. பெஞ்சில் பாதி குடித்த ஒரு கிளாஸ் இருந்தது.

"ஆறு மணிக்கே வந்நு சாமி" என்றார் அனில். நீலகண்டன் முகத்தைப் பார்க்கவில்லை. பாய்லரைப் பார்த்துச் சொன்னார். "யாரோ போன்ல இதைக் காட்டிக்கொடுத்து. பார்த்துட்டு எணீச்சுப் போயி. இது கண்டோ?" போனை நீட்டினார்.

அதில் நீலகண்டன் பேசிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே வேறொன்று: வாழையிலையில் கிடந்த செல்லப்பாவின் படத்தை எவனோ எடுத்து, வயிற்றைப் பலூன் மாதிரி ஊதி இறங்க வைத்து, பின்னால் குறட்டைச் சத்தமும் சேர்த்திருந்தான்.

"சாமி, உள்ளதைச் சொல்லு. சேட்டன் நிஜமா ஷ்வாஸம் விட்டோ?" என்று கேட்டார் அனில்.

ஏழெட்டுப் பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நீலகண்டன் சாயா சொல்லாமலே எழுந்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை சுள்ளிக்கல்லில் செல்லப்பாவின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது மகள் மகா.

"அப்பா இருக்காரா, மகா?"

"இருக்காரு. மூச்சும் விட்டுட்டுத்தான் இருக்காரு. உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் அடுக்களைக்குள் போனாள்.

செல்லப்பா தரையில் பழைய பேப்பர் விரித்துப் பயறு உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க சாமி" என்றார். நாற்காலியைக் காட்டினார். குரலில் கோபமில்லை. ஹோட்டலில் மேஜைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரல் அது. அதுதான் நீலகண்டனுக்கு என்னவோ செய்தது.

"செல்லப்பா, நான் தூங்கிட்டேன்."

"எப்போ?"

"தியேட்டர்ல. இடைவேளைக்கு அப்புறம். நீ செத்ததே நேக்குத் தெரியாது. பார்த்தா மாதிரி சும்மா அடிச்சு விட்டேன். எல்லாப் படத்துக்கும் அப்படித்தானாக்கும். அந்த டார்ச்சு, முப்பத்தெட்டுப் பேரு, எல்லாமே."

செல்லப்பா ஒரு பயற்றங்காயை உரித்து முடித்தார். "நல்லாருக்கு சாமி. முப்பத்தெட்டுப் பேர் கதையை விட இது நல்லாருக்கு."

"சத்தியமாச் சொல்றேன்."

"டார்ச் லைட்டுக்கும் சத்தியம் பண்ணினீங்க. குருவாயூரப்பன் மேல."

நீலகண்டன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சனிக்கிழமையே போய்ப் பார்த்துட்டேன் சாமி. நாணத்தை விட்டுட்டுத் தனியாப் போனேன். நீங்க சொன்னது சரிதான். அசையுது. மேலே போகுது, கீழே வருது."

"அசையாதுடா! டம்ளர்ல தண்ணி அசையலையே. வாச் பிடிச்சது நானில்லையா? ஐம்பத்தொண்ணு! எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

"தண்ணி அசையலை. வயிறு அசைஞ்சிருக்கு. அந்த இடம் வந்ததும் முன்னால உட்கார்ந்திருந்த நாலு பசங்க எந்திரிச்சு நின்னு, 'தோ, தோ'ன்னு விரலை நீட்டுறாங்க. கொட்டகையே சிரிக்குது. அத்தனை பேர் கண்ணும் பொய் சொல்லுமா?"

"நான் சொன்னதைக் கேட்டுட்டு வந்தவன்கள்டா அவா. நீயும் அதைக் கேட்டுட்டுத்தான் போயிருக்கே."

"இருக்கலாம்." செல்லப்பா அடுத்த காயை எடுத்தார். "வைட்டிலாப் பக்கம் ஒரு படம் எடுக்கறாங்க. அதுல சாய்வு நாற்காலியில உட்கார்ந்து, தலையைத் திருப்பி மருமகளைப் பார்க்கிற வேஷம். எனக்குன்னு சொல்லியிருந்தாங்க. உயிரோட இருக்கிற வேஷம் சாமி. நேத்துப் போன் வந்துச்சு. வேற ஆளை வச்சாச்சாம்."

நீலகண்டன் குனிந்து ஒரு பயற்றங்காயை எடுத்தார்.

"உங்ககிட்ட எத்தனையோ படம் கேட்டிருக்கேன்" என்றார் செல்லப்பா. "நேர் சொல்லுங்கன்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நீலகண்டன் இருக்கவில்லை.

மறுநாளே எர்ணாகுளம் போய்த் தியேட்டர் வாசலில் விஷ்ணுப்ரியாவைத் தேடிப் பிடித்தார். தான் தூங்கிப்போனதையும், பிணம் மூச்சு விடவில்லை என்பதையும், அந்தப் பிணம் தன் சிநேகிதன் என்பதையும், அவன் ஐம்பத்தொரு விநாடி மூச்சடக்கியதையும் மைக்கில் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. வாழ்நாளில் இவ்வளவு நேரம் தொடர்ந்து உண்மை பேசியது அதுதான் முதல்தடவை. நாக்கு வறண்டுவிட்டது. அந்தப் பெண் நல்ல பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், இது மற்றதைவிட ஸூப்பர்" என்றாள். சிரித்துத்தான் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அன்று சாயங்காலம் அது ஏறியது. முதலாவதை விட இரண்டு மடங்கு பேர் பார்த்தார்கள். பிணத்துக்கும் சாமிக்கும் நாற்பது வருஷச் சிநேகமாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

புதன்கிழமை ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் இலையைப் பார்த்தபடியே இருந்தார். காமாக்ஷி கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்துச் செல்லப்பாவைக் கூப்பிட்டாள்.

"செல்லப்பா, நான் மாமி பேசறேன். இவர் தூங்கினது நெஜம். கல்யாணமாகி நாற்பத்தஞ்சு வருஷமா இவர் ஒரு சினிமாவும் முழுசாப் பார்த்தது கிடையாது. நான் உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா? ... ஆங். வெள்ளிக்கிழமை படம் மாத்திடுவானாம். நாளை மத்தியானத்தோட சரியாம். இவரோட ஒருதரம் போயிட்டு வந்துடு. எனக்காக."

போனை வைத்துவிட்டு, "ஜெட்டில பதினொண்ணரைக்கு நிப்பான். எரிசேரி கிடையாது. நாளைக்குக் கஞ்சி" என்றாள்.

வியாழக்கிழமை செல்லப்பா ஜெட்டியில் நின்றார். "மாமி சொன்னாங்க. அதான் வந்தேன்" என்றார்.

தியேட்டரில் மொத்தம் பதினாலு பேர். டைம் ஆபீஸ்காரர் எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பின்வரிசையில் ஆறு காலேஜ் பையன்கள், அங்கங்கே இன்னும் ஆறு பேர், இவர்கள் இருவர். செல்லப்பா துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். நீலகண்டன் வேஷ்டி மடிப்பில் நாலு பச்சை மிளகாய் கொண்டுவந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு தூக்கம் வரும்போதெல்லாம் ஒரு கடி. மூன்றாவது மிளகாயில் நடுக்கூடம் வந்தது.

வாழையிலை. தேங்காய் மூடியில் திரி. வெள்ளைத் துணி மார்பு வரைக்கும் போர்த்தி, செல்லப்பா.

நீலகண்டன் முதன்முதலாக அதைப் பார்த்தார். நாற்பத்தேழு வருஷம் நிற்காமல் ஓடிய மனுஷன் கிடந்தான். மூக்கு எலும்பு தெரிந்தது. உதட்டோரம் லேசாக விலகியிருந்தது, கடைசியாக யாரையோ 'இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா' என்று கேட்க வந்தவன்போல. பிள்ளைகள் கத்தினார்கள். காமிரா மெல்ல நகர்ந்தது. நீலகண்டன் வயிற்றின்மேல் கண்ணை வைத்தார். துணியின் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு அசையவில்லை. விளிம்பு வரை தண்ணீர் வைத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது.

பக்கத்தில் செல்லப்பா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். "நீங்க பாருங்க சாமி" என்று முணுமுணுத்தார். "நான் பார்க்கலை. பார்த்துட்டுச் சொல்லுங்க."

அப்போது நீலகண்டனுக்கு ஒன்று தோன்றியது. பின்பாதியில் வந்ததால் நல்ல யோசனை என்றே எடுத்துக்கொண்டார். செல்லப்பா அடக்கிய மூச்சு எவ்வளவு பெரியது என்று தானும் அடக்கிப் பார்த்தால் என்ன? வாட்ச்சை நிமிர்த்திப் பிடித்தார். மூச்சை இழுத்து நிறுத்தினார். பத்து. பதினைந்து. திரையில் மூத்த பிள்ளை தென்னந்தோப்பைக் கேட்டான். இருபது. காதுக்குள் யாரோ உரல் இடித்தார்கள். இருபத்திநாலு. தொண்டையில் மிளகாய் எரிந்தது. இருபத்தேழாவது விநாடியில் நீலகண்டன் வெடித்தார். அமோனியா டாங்கி வால்வு பிடுங்கிக்கொண்டதுபோல ஒரு சத்தம். திரையிலோ சரியாக அந்த நேரம் பிள்ளைகள் வாயடைத்து நின்ற இடம். கொட்டகை முழுக்க நிசப்தம்.

"தே, முத்தச்சன் ஷ்வாஸம் விட்டு!" என்று பின்வரிசையில் ஒருவன் திரையில் கிடந்த தாத்தாவைக் காட்டிக் கூவினான். ஆறு பேரும் சிரித்தார்கள். மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

நீலகண்டன் எழுந்து நின்றுவிட்டார். "எடா! அது ஞானாக்கும்! மூச்சு விட்டது ஞான்! அவன் விடலை! பாருங்கோடா, திரையைப் பாருங்கோ!"

யாரும் திரையைப் பார்க்கவில்லை. ஒரு போன் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. "அய்யோ, வைரல் சாமி!" என்று ஒருவன் விசிலடித்தான். இன்னும் நாலு வெளிச்சம் வந்தது. ஒருவன் இரண்டு வரிசை தாண்டி ஓடிவந்து, அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். வாசலில் இருந்த டிக்கெட்காரர் உள்ளே வந்து, "இரிக்கூ அம்மாவா, இரிக்கூ" என்று கெஞ்சினார். "அவன் அசையலைடா, அசையலை" என்று இவர் சொல்லச் சொல்லக் கைதட்டினார்கள்.

ஒருவழியாக உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, திரையில் பாடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல்தடவை தூக்கம். இரண்டாம் தடவை பேச்சு. ஐம்பது விநாடிக் காட்சியில் நீலகண்டன் எண்ணிப் பார்த்தது இருபத்தேழு.

திரும்பும் படகில் கூட்டமில்லை. செல்லப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். துண்டு தோளுக்கு இறங்கியிருந்தது. பாதி தூரம் போனதும் பேசினார்.

"அசையலை சாமி."

நீலகண்டன் நிமிர்ந்தார். "நான் அப்பவே..."

"நீங்க கத்தினப்போ கண்ணைத் திறந்தேன். அப்புறம் கடைசி வரைக்கும் பார்த்தேன். பின்னால திரியெல்லாம் அசையுது. இலை நுனி காத்துல அசையுது. நான் அசையலை." அவர் வெளியே தண்ணீரைப் பார்த்தார். "நல்லாத்தான் செத்திருக்கேன்."

"அதைத்தானே எல்லார்கிட்டயும்..."

"பதினாலு பேர் இருந்தோம். பன்னெண்டு பேரு உங்களைப் பார்த்தாங்க. நீங்க அவங்களைப் பார்த்தீங்க. திரையைப் பார்த்தது நான் ஒருத்தன்தான்."

படகு ஒரு கப்பலின் நிழலைக் கடந்து வெயிலுக்கு வந்தது.

"நீங்க எத்தனை பிடிச்சீங்க?" என்று கேட்டார் செல்லப்பா.

"இருபத்தேழு."

"முதல் தடவைக்கு மோசமில்லை" என்றார் செல்லப்பா, நியாயமான மனுஷன். மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கி, "வரேன் சாமி" என்று சொல்லிவிட்டுச் சுள்ளிக்கல் பக்கம் நடந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தார். பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அனில் சாயாவை ஆற்றி நீட்டினார். கையில் வாங்கிய விதத்தில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

நீலகண்டன் முதல் நாள்தான் ஒரு படம் பார்த்திருந்தார். ஐந்து மிளகாயோடு போய், கடைசிப் பெயர் போகும் வரைக்கும் விழித்திருந்து பார்த்தார். சுமாரான படம். அப்பாவும் மகளும் ஒரு லாரியில் போகிறார்கள், ஓரிடத்தில் மகள் அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் நீளம். இவ்வளவுதான். இதை அப்படியே, ஒன்றும் கூட்டாமல் சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். காத்திருந்தார்.

"சாமி, புதிய படம் கண்டோ? பறயூ" என்றார் அனில். மற்றவர்களும் கேட்டார்கள்.

நீலகண்டன் செல்லப்பாவைப் பார்த்தார்.

செல்லப்பா ஒரு வாய் உறிஞ்சினார். கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். துண்டால் உதட்டை ஒற்றினார். ஜெட்டிக்கு மேலே வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கிழக்கே கறுத்திருக்கு" என்றார். "மழை வரும் போலிருக்கே, சாமி."

நீலகண்டனும் பார்த்தார். நன்றாகவே கறுத்திருந்தது.

"வரும்" என்றார். "கொஞ்சமா வரும்."